தண்ணீர் மேற்கே போகும்

என் மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. எதிரே வந்து நிற்பது மாடா மனிதனா என்று தெரியாது. ஆனால் சீமையில் நடக்கிற சண்டை மட்டும் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். மாமியார் நான் வாக்கப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் எழுத்தைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவர். ஆக, போடியில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்துவிட்டு மார்க்கையன்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்த நான்தான் அந்த வீட்டுக்குச் சண்டையை வாசித்துக் காட்டினேன்.

மணியக்காரர் வீட்டுக்குப் பஸ்ஸில் வரும் பத்திரிகையை அவர்கள் வாசித்து, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கசக்கி, மறுநாள் மத்தியானம் எங்களுக்குக் கொடுத்தனுப்புவார்கள். சோற்றுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நான் உட்காருவேன். அதற்குள் அக்கம்பக்கத்து ஆம்பளைகள் நாலைந்து பேர் முற்றத்தில் வந்து குந்தியிருப்பார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன். எந்த இடத்தில் நிறுத்தினால் அவர்களுக்கு மூச்சு நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி, அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போவேன்.

சண்டை தொடங்கியபோது அது கதை வாசிப்பது போலத்தான் இருந்தது. கப்பலைத்தான் அடிப்போம், விமானம் இறங்கும் மைதானத்தைத்தான் அடிப்போம், குடியிருக்கிற ஊரைத் தொட மாட்டோம் என்று இரண்டு தரப்பும் சொல்வதாகப் போட்டிருந்தார்கள். சில மாதத்தில் ஒருத்தன் போட்ட குண்டு குறி தப்பி வீடுகள் மேல் விழுந்தது என்று வந்தது. அதற்குப் பதிலாக மற்றவன் போட்டான். அதற்குப் பதிலாக இவன். லண்டன் எரிந்தது. பிறகு வெள்ளைக்காரனுடைய விமானங்கள் ஒரே ராத்திரியில் ஆயிரம் கிளம்பிப்போய் ஜெர்மனியில் ஒரு பட்டணத்தின் மேல் கொட்டிவிட்டு வந்தன. “பதிலுக்கு” என்ற வார்த்தையை நான் அந்த வருஷங்களில் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

மாமனாருக்கு இதெல்லாம் புதிதாகத் தெரியவில்லை.

“மொறத்தண்ணிச் சண்டதேன் ஆத்தா இது,” என்றார். “மொதல்ல வரப்ப வெட்டுவான். நீ அவன் மடையை ஒடப்ப. அவன் ஒன் வைக்கப் படப்புல தீ வைப்பான். அடுத்து மாட்டுக் கொட்டம். வீடு வாசலத் தொடமாட்டோம்னு கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுனவுகதேன் கடைசியில கூரையில கொள்ளியச் சொருகுவாக. நான் பாத்திருக்கேன்.”

அவர் பார்த்திருந்தது உண்மை. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முறைக்காக ஒரு தலைமுறைக்கு முன் நடந்த சண்டையில் அவருடைய சித்தப்பா வீடே போனது. அதனால் பத்திரிகையில் ஒவ்வொரு படி ஏறும்போதும், நான்தான் சொன்னேனே என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார்.

ஜப்பான்காரன் ரங்கூனில் போட்டபோதுதான் எனக்கு முதலில் பயம் தட்டியது. விமானத்தைப் பார்த்ததும் சனங்கள் ஓடி ஒளியாமல், இது என்ன அதிசயம் என்று தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்களாம். குண்டு அவர்கள் மேலேயே விழுந்ததாம். அங்கே நின்றிருந்தால் நானும் அப்படித்தான் அண்ணாந்து பார்த்திருப்பேன். பிறகு விசாகப்பட்டினம், காக்கிநாடா. மெட்ராசைக் காலி செய்துவிட்டு வந்த குடும்பங்கள் சின்னமனூரில் வாடகைக்கு வீடு தேடின. அதுவரைக்கும் தூரத்தில் இருந்த சண்டை பஸ் வருகிற தூரத்துக்கு வந்துவிட்டது. அப்போதும் நாங்கள், நம்ம ஊரில் என்ன இருக்கிறது, நெல்லும் வாழையும்தானே, இதன் மேல் போட்டு எவன் குண்டை வீணாக்குவான் என்று சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு 1943 வைகாசி வரை ஓடியது.

வீரபாண்டித் திருவிழா முடிந்த வாரம் அது. என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, தீச்சட்டி எடுப்பதற்காக மலையிலிருந்து வந்திருந்தார். அவரை வண்டிப்பெரியாற்றில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. குமுளி ஏறி, திருவிதாங்கூர் எல்லைக்குள் போய், இன்னும் கொஞ்சம் தூரம். அவரும் அங்கே கொழுந்து பறித்தார். இரண்டு பெண் பிள்ளைகளைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, இரண்டு வயதுகூட நிரம்பாத கடைசிப் பையனை மட்டும் இடுப்பில் தூக்கி வந்திருந்தார். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. நாள் முழுக்க அந்தப் பையனை இழுத்துக்கொண்டு திரிந்தாள். அவள் செய்வதை எல்லாம் அவனும் செய்வான், அவள் சொல்வதை எல்லாம் அவனும் சொல்வான்.

அன்றைய பத்திரிகையில், ஜெர்மனியில் இருந்த பெரிய அணைகளை விமானத்திலிருந்து குண்டு போட்டு உடைத்துவிட்டதாகக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் குரலை உயர்த்தி வாசித்தேன். முற்றத்தில் இருந்தவர்களுக்கு ஒரே உற்சாகம். அணையைக் குண்டு போட்டு உடைக்க முடியுமா, எவ்வளவு பெரிய குண்டாக இருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். ஒருத்தர் தொடையைத் தட்டினார். நான் வழக்கம்போல நிறுத்தி, அவர்கள் அடங்கியதும் மிச்சத்தை வாசித்தேன். அணைக்குக் கீழே இருந்த பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து ஊர் ஊராக அடித்துக்கொண்டு போனது என்று இருந்தது.

பள்ளத்தாக்கு என்ற வார்த்தையை மட்டும் திரும்ப ஒரு தடவை வாசித்தேன். கம்பம் பள்ளத்தாக்கு என்று எங்களையும்தான் சர்க்கார் காகிதத்தில் எழுதுகிறார்கள். எங்களுக்கு மேலேயும் ஓர் அணை இருக்கிறது. நாங்கள் தின்கிற சோறு முழுக்க அந்த அணையின் தண்ணீர்.

மாமனார்தான் கேட்டார். “பதிலுக்கு எந்த அணையப் போடுவான்?”

தொடையைத் தட்டியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் வாசித்ததுதான் பரவியது என்பதால், அதற்கு நானே சாட்சி என்பதுபோல் பொம்பளைகள் என்னிடமே வந்து, நெசந்தானா, எப்ப போடுவான் என்று கேட்டார்கள். நான் பத்திரிகையை எடுத்து அந்த இடத்தையே அவர்களுக்கு மறுபடி வாசித்துக் காட்டினேன்.

அடுத்த நாலைந்து நாளில் நாங்கள் செய்ததை இப்போது சொன்னால் சிரிப்பு வரும். அப்போது யாரும் சிரிக்கவில்லை. விதைநெல்லைக் குலுக்கையிலிருந்து அள்ளி மூட்டை கட்டி விட்டத்தில் ஏற்றினார்கள். பிள்ளைகளுக்குக் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது முதுகில் கட்டுவோமே, காய்ந்த சுரைக்குடுக்கை, அதை வீட்டுக்கு வீடு தேடினார்கள். என் மாமனார் தெருவில் இருந்த பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு, முடிச்சைத் தடவித் தடவிப் பார்த்து, ஆளுக்கொரு குடுக்கை கட்டிவிட்டார். பிள்ளைகள் அதோடு சோறு தின்றன, அதோடு தூங்கின. என் மகள் குப்புறத்தான் படுக்க முடிந்தது. அவள் முதுகில் அந்தக் குடுக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் தண்ணீரில் கவிழ்ந்து மிதப்பது போலவே தெரியும். அவிழ்த்து எறிவேன், பயந்து திரும்பவும் கட்டுவேன்.

சத்தம் எதுவானாலும் தூக்கிவாரிப் போட்டது. கணவாய் வழியாக மேல்காற்று இறங்கத் தொடங்கியிருந்த நேரம். தென்னந்தோப்பில் அது இரைவது எனக்கு விமானம் வருகிற மாதிரியே கேட்கும். விமானச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதே கிடையாது என்பது வேறு விஷயம்.

மதினி ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் எனக்கு அந்த யோசனை வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, என் தலையில் உதித்ததுதான். தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. மதினி இருப்பது மலை உச்சி. அங்கே இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

“மதினி, இவளையும் கூட்டிட்டுப் போங்க. சண்ட முடியிற வரைக்கும் ஒங்ககூட இருக்கட்டும்.”

மதினி பையனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. “ஏத்தா, அங்கனயும் ஆறு ஓடுதுல்ல...” என்று இழுத்தார்.

“ஆறு எங்கனதேன் ஓடல? மல மேல தண்ணி ஏறுமாக்கும்? எம்புள்ளையப் பாத்துக்க ஒங்களுக்கு மனசில்லன்னா சொல்லிருங்க.”

எனக்கு வாய் நீளம். அதை என் அம்மா சொல்லியிருக்கிறாள், வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். மதினி எழுந்து வந்தார். என் மகளின் முதுகிலிருந்து சுரைக்குடுக்கையை அவிழ்த்து மூலையில் வைத்துவிட்டு, அவளை ஒரு கையிலும் பையனை ஒரு இடுப்பிலுமாகக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் போயிருக்கலாமே என்று பிறகு பலபேர் கேட்டார்கள். கண் தெரியாத மாமனாரை விட்டுவிட்டுப் போக முடியாது. நாற்றுப் பாவுகிற நேரமும் வந்துவிட்டது. இதெல்லாம் காரணம்தான். பிள்ளை பிழைத்தால் போதும், நாம் இருந்தால் என்ன போனால் என்ன என்று ஒரு வீறாப்பும் இருந்தது.

வைகாசிக் கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். மேலே மலையில் நல்ல மழை. தினமும் ஒரு தடவையாவது வாய்க்கால் கரைக்குப் போய்த் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பேன். செந்நிறமாக வந்தால் அணை நிறைகிறது என்று அர்த்தம். நிறைய நிறைய எங்களுக்குத்தான் ஆபத்து என்று நினைத்துக்கொள்வேன். அதோடு, பிள்ளை மேலே பத்திரமாக இருக்கிறாள் என்றும் நினைத்துக்கொள்வேன்.

ஆனி மாதம் நடவு. எங்கள் வயலில் நானும் எட்டுப் பெண்களும் சேற்றில் இறங்கி நட்டுக்கொண்டிருந்தோம். மாமனாரை வரப்பில் உட்கார வைத்திருந்தோம். மடை திறக்கிற லஸ்கர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரையோரம் வந்தார். அவர் அந்த வருஷம்தான் எங்கள் பக்கம் மாற்றலாகி வந்தவர். அதற்கு முன் பல வருஷம் மேலே தேக்கடியிலேயே வேலை பார்த்தவர்.

மாமனார் சைக்கிள் சத்தத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு கேட்டார். “அய்யா, அணையில குண்டு விழுந்தா தண்ணி இங்கன வர எம்புட்டு நேரமாகும்? மேட்டுக்கு ஓட அவகாசம் இருக்குமா?”

லஸ்கர் நின்று, சைக்கிளில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “இங்கன எதுக்குப் பெருசு வருது? இது மேக்க ஓடுற ஆறு. அதை மறிச்சு, மலையக் கொடஞ்சு, ஒரு குகை வழியா நமக்குக் கொஞ்சம் தண்ணி விடுறாக. அணை ஒடஞ்சா பழைய தடத்துலயே மேக்க போயிரும். நமக்குக் குகையில தண்ணி நின்னுபோகும், அம்புட்டுத்தேன். நீங்க வெள்ளாமையப் பாருங்க.”

மேற்கே போகிற ஆற்றைக் கிழக்கே திருப்பிய கதை எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு மாதமாக ஊரே பயந்து செத்தபோது ஒருத்தருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. கிழக்கே திருப்பியாகிவிட்டது, இனி அந்தத் தண்ணீர் எல்லாமே எங்களுடையது, உடைந்தாலும் எங்களிடம்தான் வரும் என்று நம்பியிருந்தோம்.

வயலில் எல்லாரும் நிமிர்ந்துவிட்டார்கள். ஒருத்தி குலவை போட்டாள். இன்னொருத்தி, இதுக்கா நான் சுரைக்குடுக்கைக்காக ஓடப்பட்டி வரைக்கும் நடந்தேன் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி, கண்ணில் தண்ணீர் வர, வாய்விட்டுச் சிரித்தேன். அதை நான் ஒளிக்கப் போவதில்லை.

மாமனார் சும்மா இருக்காமல் கேட்டார். “மேக்க போனா எந்தெந்த ஊருய்யா?”

“மொத ஊரு வண்டிப்பெரியாறுதேன்.”

கையிலிருந்த நாற்று முடி விழுந்தது. கால் சேற்றில் புதைந்தது புதைந்தபடி நின்றேன். ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. ஒரு மாதமாக அந்தப் பெயரை நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மதினி சொல்ல வந்ததும், நான் வாயை அடைத்ததும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்தில் நின்றவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை அறையலாம் போல இருந்தது.

மறுநாள் வெள்ளென நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு வைத்து, அதன் வாயுவில் ஓட்டினார்கள். உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஒவ்வோர் ஊரிலும் நின்று, கரி போட்டு, அடுப்பின் ஊதுசக்கரத்தைச் சுற்றி அனல் மூட்டினார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மலையடிவாரம் தாண்டியதும் பஸ் முனகி நின்றது. இறங்கி நடக்கச் சொன்னார்கள். மழை சாத்தியது. ஒரு பக்கம் மலையிலிருந்து எங்கள் குகைத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. வருஷா வருஷம் கும்பிட்டு வரவேற்ற தண்ணீர். அன்று அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மேலே எவ்வளவு இருந்தால் இவ்வளவு வழியும் என்றுதான் கணக்கு ஓடியது.

“அழுவாத. இன்னும் ஒண்ணும் ஆகலைல்ல,” என்றார் வீட்டுக்காரர். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

குமுளி எல்லைச் சவுக்கையில் மூட்டையைக் கொட்டிப் பார்த்தார்கள். அந்தச் சமயம் திருவிதாங்கூரில் அரிசிக்குத் தவித்துக்கொண்டிருந்தார்கள். எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகக் கூடாது. மதினிக்காக நான் சேலைக்குள் முடிந்து வைத்திருந்த இரண்டு படி அரிசியை எடுத்துக்கொண்டார்கள். இருக்கிற பயத்தில் எனக்கு அது உறைக்கக்கூட இல்லை. அங்கிருந்து தேயிலை ஏற்ற வந்த லாரி ஒன்றில் இடம் கிடைத்தது. டிரைவர் மலையாளத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். அணை எங்கே என்று கேட்டேன். இடது பக்கம் காட்டைக் கை காட்டினார். ஊர் எங்கே என்று கேட்டேன். நேரே கீழே காட்டினார். லாரி இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. மலை உச்சி என்று நான் நினைத்திருந்த ஊருக்கு நாங்கள் இறங்கிப் போனோம்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம் ஆற்றங்கரை மேட்டில் இருந்தது. மதினி வீட்டில் யாரும் இல்லை; அடுப்பில் கப்பக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், ஆற்றுக்குத் துவைக்கப் போயிருக்காக என்றாள். மழை அப்போது விட்டிருந்தது. வீட்டுக்காரரை மூட்டையோடு அங்கேயே விட்டுவிட்டு நான் ஓடினேன். ஆற்றில் தண்ணீர் பாறைகளுக்கு இடையில் ஒதுங்கி ஓடியது. எல்லாவற்றையும் மேலே அணைதான் பிடித்து வைத்திருந்ததே. ஆற்றின் நடுவில், தண்ணீருக்கு மேலே நின்ற பெரிய பாறையில், என் மகளும் மதினியின் பையனும் உட்கார்ந்து கூழாங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மதினி இந்தப் பக்கக் கரையில் துணியை அடித்துக்கொண்டிருந்தார்.

நான் கூப்பிட வாயெடுத்தபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. மலையே பிளந்த மாதிரி ஒரு வெடி. அடுத்து இன்னொன்று. காட்டுக்குள் அது உருண்டு உருண்டு போனது.

போட்டுவிட்டான் என்று நினைத்தேன். தண்ணீரில் இறங்கினேன், பாறையில் ஏறினேன், என் மகளை அள்ளினேன். திரும்பி, கரையேறி, தேயிலைச் செடிகளுக்கு ஊடே மேட்டைப் பார்த்து ஓடினேன். செடி காலைக் கிழித்தது. அவள் என் காதுக்குள் அலறினாள். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே கத்தினாள்: “ஏத்தா, ரோட்டுக்குப் பாறைக்கு வேட்டு வைக்கிறாக! தினமும் இதுதேன்!”

நின்றேன். மூச்சு இரைத்தது. திரும்பி ஆற்றைப் பார்த்தேன். பாறையில் அந்தப் பையன் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் ஓடின திசையைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். மதினி முழங்கால் வரை நனைந்து அவனிடம் போய்க்கொண்டிருந்தார். என் மகளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருந்திருக்காது. என் இன்னொரு கை சும்மாதான் இருந்தது.

லயத்துக்குத் திரும்பியதும் மதினி என் கால் காயத்துக்கு மஞ்சள் வைத்தார். வீட்டுக்காரர் வெளியே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மதினியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குற்றத்தில் இருக்கிறவளுக்குக் கோபம் சீக்கிரம் வரும், எனக்கு வந்தது.

“அணை மேலதேன் இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? ஏன் மதினி சொல்லல?”

“சொல்ல வந்தேன்.”

“வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்ல? எம்புள்ளையக் கொண்டாந்து இங்கன வச்சிருக்கீகளே!”

மதினி மஞ்சள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். சத்தம் போடவில்லை. “நாங்க அஞ்சு பேரும் இங்கனதேன இருக்கோம். நாங்க இருக்கிற எடத்துல ஒம்புள்ள இருக்கக்கூடாதுன்னு நான் எப்பிடித்தா சொல்லுவேன்?”

பிறகு, “மழை வலுத்தா நான் ஒறங்க மாட்டேன். கல்யாணம் முடிஞ்சு வந்த நாள்லருந்து அப்பிடித்தேன். நீங்க இப்பத்தேன் பயந்தீக,” என்றார்.

நான் அழுதேன். அந்த வயலில் நின்று சிரித்ததை அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, என்றைக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு அவரும் வந்தார். பெரிய பெண்கள் இரண்டும் கொழுந்துக்குப் போய்விட்டன. தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்த பிள்ளைகள், ஊருக்கு அனுப்பக் கேட்டால் விட மாட்டார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். மதினி என் மகளைத் தூக்கி என் மடியில் வைத்தார். அவளுக்கு முத்தம் கொடுத்தார். பிறகு தன் இடுப்பில் இருந்த பையனை ஒரு நொடி பார்த்தார். என்னைக் கேட்கவில்லை, தம்பியைக் கேட்கவில்லை. அவனையும் ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார்.

“இன்னும் பால்குடி மறக்கல. வேப்பெண்ணெயக் காட்டி மறக்கவச்சிரு,” என்றார். “ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க.”

பாறையில் நடந்ததை அவர் பார்த்தார் என்பதற்கு அந்த ஒரு சொல்தான் அடையாளம். பஸ் நகர்ந்தது. பையன் வீறிட்டான். மதினி முந்தானையால் மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தோட்டத்தைப் பார்த்து நடந்தார்.

அதற்குப் பிறகு என் பயம் இடம் மாறிவிட்டது. என் மகள் பக்கத்தில் படுத்திருந்தாள், ஆனால் மழை பெய்தால் எனக்கும் உறக்கம் போனது. அவன் அம்மா அங்கே இருக்கிறாள், இரண்டு அக்காமார் இருக்கிறார்கள், அவனை நான் வைத்திருக்கிறேன். மத்தியானம் முற்றத்தில் பத்திரிகை வாசித்தபோது, எங்கே எந்த ஊரின் மேல் போட்டார்கள் என்று வந்தாலும் என் குரல் ஏறவில்லை. மாமனார், நல்லா வாசி ஆத்தா, ஏன் முனகுற என்று கடிந்துகொள்வார். ஒரு நாள் ஹாம்பர்க் என்று ஒரு பட்டணம் எரிந்ததை வாசித்தேன். எங்கன இருக்கு, நமக்கு எந்தப் பக்கம் என்று ஒருத்தர் கேட்டார். மேக்க என்றேன். அப்பச் சரி என்று எழுந்து போனார். அவர்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

மதினி பொங்கலுக்கு வருவார், வீரபாண்டிக்கு வருவார். இரண்டு நாள் இருப்பார். வரும்போதெல்லாம் பையனை மடியில் வைத்துக்கொண்டே இருப்பார். அவனும் இருப்பான். அவன் சாதுவான பிள்ளை.

கடைசியில் ஜப்பானில் ஒரே ஒரு குண்டில் ஒரு பட்டணமே போனது என்று வாசித்தேன். மூன்று நாளில் இன்னொன்று. முற்றத்தில் இருந்தவர்கள் நான் தப்பாக வாசிக்கிறேன் என்றார்கள். மாமனார் இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. அவரிடம் அதற்கு ஒப்பிட ஊர்ச் சண்டை எதுவும் இருக்கவில்லை. அதோடு சண்டை முடிந்துபோனது.

அந்த ஆவணியிலேயே மதினி வந்தார், பையனைக் கூட்டிப்போக. புதுச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டு வந்திருந்தார். அது அவனுக்குச் சின்னதாகப் போய்விட்டது. நான்கு வயது முடியப் போகிற பிள்ளை. அவனுக்குத் தலை வாரிவிட்டு, பொட்டு வைத்து, மாமனார் காலில் விழ வைத்து, பஸ் நிற்கிற இடம் வரை நானும் என் மகளும் போனோம். அவன் சந்தோஷமாகத்தான் வந்தான், பஸ் ஏறுவதென்றால் அவனுக்கு உயிர்.

மதினி முதலில் ஏறிக்கொண்டு, அவனைத் தூக்கக் கை நீட்டினார். அவன் என் சேலையை விடவில்லை. என் மகள் எப்படிக் கூப்பிடுவாளோ அப்படித்தானே அவன் பேசக் கற்றுக்கொண்டான். மதினியை அண்ணாந்து பார்த்து, மரியாதையாகக் கேட்டான்.

“அத்த, அம்மாவும் நம்மகூட வர்றாகளா?”